பேர் தெரியாத கனவானும் என் கணவரும்

அன்று காலை சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்றார் என் கணவர். சொல்லிக்கொண்டே இன்னொரு ரொட்டியையும் எடுத்தார். பிறகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாகப் பங்களாவுக்கு ஏறிப் போனார்.

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். என் கணவருக்குப் பதினொரு வருஷமாக அங்கேதான் வேலை. முன் ஹோலில் முதலாளி ஒரு படம் மாட்டியிருந்தார். கறுப்புச் சட்டை, மடிப்பு மடிப்பாக வெள்ளைக் காலர், மெலிந்த முகம். நானூறு வருஷத்துக்கு முந்திய ஸ்பெயின் கனவானாம். யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

பத்து மணிக்குப் பங்களாவின் பின்பக்கத்து மண்மேடு சரிந்தது. எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். படம் உள்ளே இருக்கிறதே என்றார் மேனேஜர். இவர் திரும்பிப் போனார். படத்தை ஜன்னலால் வெளியே நீட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சுவர் விழுந்தது.

செத்த வீட்டுக்கு மேனேஜரோடு கொழும்பு ஒப்பீஸ்காரர் ஒருவரும் வந்தார். படத்துக்குக் கீழே பலகையில் போடவேண்டும், கணவரின் பேர் என்ன என்று என்னிடம்தான் கேட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் லயத்து வீடுகளில் பெண்கள் சொல்வதில்லை. பழக்கத்தில் குனிந்துகொண்டேன். மேனேஜர் முந்திக்கொண்டு, "டோனி" என்றார். வெள்ளைக்காரர் வாயில் நுழையட்டும் என்று அவரே இவர் சட்டையில் குத்திவிட்ட பேர் அது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து போய்ப் பார்த்தேன். படத்தைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றியிருந்தார்கள். கீழே பலகை: 'பெயர் அறியப்படாத ஸ்பானியக் கனவான். இவர் யார் என்ற ஆய்வு தொடர்கிறது. படம் ஊழியர் டோனியால் காப்பாற்றப்பட்டது.'

மேனேஜரிடம் போய் நின்றேன்.

"அவரு பேரு சண்முகராஜாங்க." சொல்லும்போது வாய் கூசியது.

விருந்தாளிகளுக்கு டோனி என்றால்தான் தெரியும் என்றார்.

"அப்ப படத்துல உள்ள ஆளுக்கும் ஒரு பேர வச்சிருங்களேன் சேர். பீட்டர்னு வைங்க. சொல்ல லேசா இருக்கும்."

"அதெப்படிம்மா? தெரியாத ஆளுக்கு நாம இஷ்டத்துக்குப் பேரு வைக்கிறதா? பொய்யாயிருமே."

அதைச் சிரிக்காமல் சொன்னார். பதினொரு வருஷம் வரவுப் பதிவுப் புத்தகத்தில் சண்முகராஜா என்று கையெழுத்து வாங்கியவர்.

செத்த வீட்டில் அன்று நான் வாய் திறந்திருக்கலாம்தான். அதற்காக இந்தப் பொய்யை என் தலையில் கட்ட விடமாட்டேன்.

பசறையிலிருந்து கொழும்பு ஒப்பீஸுக்கு மூன்று கடிதம் பதிவுத் தபாலில் போட்டேன். ஒவ்வொன்றிலும் அவர் பேரை முழுதாக எழுதினேன். ஒரு பதில் வந்தது. உறையில், 'டோனியின் மனைவிக்கு.'

நேற்றும் ஏறிப் போய்ப் பார்த்தேன். பலகையில் டோனி என்றுதான் இருக்கிறது.