இருவருக்கு ஒரு கயாக்

எழுதப் பழகியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்தக் கதையைச் சொல்ல முன்வந்தது சற்றே அதிகப்படியான துணிச்சல்தான். வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இதில் காணப்படும் குற்றங்குறைகள் அனைத்தும் எழுதியவரையே சேரும். கதையில் வரும் திருமதி வானதி அவர்களுக்கும் அவருடைய கணவர் திரு. சூர்யபிரகாஷ் அவர்களுக்கும் அவற்றில் பங்கில்லை. அவர்கள் தண்ணீரில் விழுந்தது மட்டும் அவர்கள் பொறுப்பு.

திருத்துறைப்பூண்டிக்குச் சற்றுத் தள்ளி, முள்ளியாற்றங்கரையில் அவர்களுடைய மாடி வீடு இருக்கிறது. சூர்யபிரகாஷ் குவைத்தில் குளிர்சாதனக் குழாய் பொருத்தும் வேலையைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்ற முடிவோடு அந்த ஆடி மாதம் ஊர் திரும்பியிருந்தார். வானதி உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உர விற்பனையைக் கவனித்து வந்தார். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் நடுவில் கடல் இருந்த காலம் முழுவதும் இரவு எட்டு மணி அடித்தால் குவைத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். குழம்பில் உப்பு கூடியது தொடங்கி, வாய்க்கால் வெட்டில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்பது வரை இருவரும் பேசுவார்கள். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் மனிதர் பெட்டி படுக்கையோடு வந்து எதிரே உட்கார்ந்தாரோ இல்லையோ, பேச்சு நின்றுபோயிற்று. பெண் பார்க்க வந்தவர்களைப் போல இருவரும் தத்தம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

ஒரு நாள் எட்டு மணிக்கு அடுக்களையில் வானதியின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தால், மாடியிலிருந்து கணவர்.

"சாப்டியா?"

"இன்னும் இல்லைங்க. நீங்க?"

"நீ எறக்கி வச்சதும் வரேன். என்ன, வத்தக்கொழம்பா?"

"அங்க வரைக்கும் வாசம் வருதா?"

"குவைத்துக்குத்தான் வரல. மாடிக்குக் கூடவா வராது?"

வானதி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று முதல் நாள்தோறும் மாடிக்கும் அடுக்களைக்கும் இடையே பேச்சு நடந்தது. கீழே இறங்கி வந்தால் மட்டும் பழையபடி மௌனம். ஊருக்குத் தெரிந்தால் கைகொட்டிச் சிரிக்கும். அது போகட்டும். கைப்பேசியில் பேசுகிற அந்த மனிதர் ஒரே ஒரு முறையாவது நேரிலும் அப்படிப் பேசிச் சிரிக்க வேண்டும் என்பது வானதியின் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு அப்போது இருக்கவில்லை.

கயாக் என்னும் துடுப்புப் படகைப் பற்றிய பேச்சு தொடங்கியதும் கைப்பேசியில்தான்.

"அங்க வெள்ளிக்கெழமைன்னா கடலோரம் போய் நிப்பேன். காத்தடிச்ச படகுல ஜோடி ஜோடியா துடுப்புப் போட்டுட்டுப் போவாங்க. மடிச்சுப் பையில போட்டு தோள்ல மாட்டிட்டுப் போயிடுவாங்க வானதி! நம்ம வாசல்ல ஆறு ஓடுது. நமக்கு ஒண்ணு வாங்குனா என்ன?"

"வாங்குவோங்க!" என்றார் வானதி, குழம்பு பொங்கி வழிவதைக்கூடக் கவனியாமல்.

அதன்பின் மாடியிலிருந்து கயாக் படங்கள் மழையாகப் பொழிந்தன. வானதி சங்கத்தில் உர மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். விலை குறைந்தவை குழந்தைகள் குளிக்கும் தொட்டியைப் போலிருந்தன. கரையெல்லாம் கருவை முள் மண்டிய ஆற்றில் அவை ஒரு நாழிகை தாங்கா. ஆகவே தடித்த அடுக்குத் துணி வேண்டும். காற்று ஒரே அறையில் இருக்கக் கூடாது; ஓர் அறை போனாலும் மற்றவை மிதக்க வேண்டும். தரை பாயைப் போல மடங்காமல் பலகையைப் போல விறைத்து நிற்க வேண்டும். முதுகு சாய இருக்கை வேண்டும். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகள் அத்தனையையும் அவர் வரி விடாமல் படித்தார். எல்லாரும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: படகின் அடியில், பின்பக்கம், மீன் வாலைப் போலச் செருகும் கறுப்புத் தகடு மிக முக்கியம், அதுதான் படகை நேர் வழியில் செலுத்தும், அது இல்லாவிட்டால் பம்பரம்தான்.

எடைக் கணக்கும் இருந்தது. இருவர் அமரும் படகு நூற்றெண்பது கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. 'நாலு யூரியா மூட்டை' என்று வானதி மனத்துக்குள் மாற்றிக்கொண்டார். ஆள் இல்லாத மதிய வேளையில் சங்கத்து எடை மேடையில் மெல்ல ஏறி நின்று பார்த்தார். கணவரின் எடையையும் உத்தேசமாகக் கூட்டினார். மூன்றரை மூட்டைக்குள் அடங்கியது. அந்த மகிழ்ச்சியில், உரம் வாங்க வந்த துரைராசுவுக்கு யூரியாவுக்குப் பதிலாகப் பொட்டாஷுக்கு ரசீது போட்டுவிட்டார்.

அன்று எட்டு மணிக்கு மாடியிலிருந்து அழைப்பு வந்தது.

"முடிவு பண்ணிட்டேன் வானதி. ஒத்தையாள் படகு ரெண்டு. உனக்கு ஆரஞ்சு, எனக்கு நீலம். யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு."

வானதிக்குப் பொசுக்கென்று போய்விட்டது. "ரெண்டுன்னா ரெண்டு பம்பு வேணுங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு பம்பாலயே ரெண்டுக்கும் அடிச்சுக்கலாம்."

"வைக்க எடம்..."

"மாடி சும்மாதானே கெடக்கு. நான் மட்டுந்தானே இருக்கேன்."

இணையக் கடைக் கணக்கு வானதியின் பெயரில் இருந்தபடியால், பொத்தானை அழுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. திரையில் ஆரஞ்சும் நீலமும் தனித்தனியே மிதந்தன. வானதி அடுக்களைக் கதவைச் சாத்தினார். ஆரஞ்சை நீக்கினார். நீலத்தையும் நீக்கினார். இருவர் அமரும் பச்சை நிறப் படகு ஒன்றைச் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திவிட்டார்.

பெட்டி வந்ததும் சூர்யபிரகாஷ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணுதான் இருக்கு?"

"ஒத்தையாள் படகு ஸ்டாக் இல்லையாங்க" என்றார் வானதி, பெட்டியைப் பார்த்தபடி.

அவர் தலையை ஆட்டினார். வருத்தமா, மகிழ்ச்சியா என்று அந்தத் தலையாட்டலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்துக் காற்றடித்தார்கள். கயாக் பொங்கல் பரங்கிக்காயைப் போலத் திரண்டு எழுந்தது. தகட்டையும் செருகியாயிற்று. அந்த நேரம் பார்த்து, தாம்பாளத்தோடு வந்து நின்றார் சூர்யபிரகாஷின் அக்கா கமலவல்லி. அடுத்த தெருக்காரர். அவர் சொல் அம்பலம் ஏறாமல் போனதில்லை.

"பூசை போடாம வண்டிய எடுக்குறதாவது? நல்லா இருக்குடா தம்பி!"

"அக்கா, இது வண்டி இல்ல, படகு."

"ஏறி உக்காந்து போறியா இல்லையா? அப்ப வண்டிதான். வானதி, நெருப்புப்பெட்டி எடு."

"அண்ணி, சூடம் மட்டும் வேண்டாம் அண்ணி, உருகிப்போயிடும்" என்று வானதி பதறினார். நெடிய பேச்சுக்குப் பிறகு, சூடத்தைத் தெருவோரம் கொளுத்துவது என்று முடிவாயிற்று. அதற்கு ஈடாக எலுமிச்சம்பழத்துக்கு இணங்க வேண்டி வந்தது.

"சக்கரம் எங்க?" என்று குனிந்து தேடினார் கமலவல்லி. சக்கரத்துக்கு மிக நெருங்கிய உறவாக அவர் கண்ணில் பட்டது அந்தக் கறுப்புத் தகடு ஒன்றுதான். அதன் முன்னே இரண்டு பழங்களையும் வைத்தார். "ம், தள்ளு தம்பி! பழம் நசுங்கணும், அப்பத்தான் கண்ணேறு கழியும்!"

தம்பி முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். பழங்கள் நசுங்கவில்லை, உருண்டு சாக்கடையில் விழுந்தன. உருளும் முன் ஒரு பழத்தின் மேல் ஏறி இறங்கிய தகடு 'படக்'கென்று ஒலித்ததைப் பின்னால் நின்ற வானதி மட்டும் கேட்டார். குனிந்தார். இரண்டு துண்டு.

வானதிக்கு எல்லாம் தெரியும். படித்த கருத்துகள் அனைத்தும் வரிசையாக நினைவுக்கு வந்தன. சொன்னால் கணவர் படகை மடித்துவிடுவார். புதுத் தகடு வர நாளாகும். அதற்குள் அவர் மாடியேறிவிடுவார், படகும் மாடியேறிவிடும். வானதி இரண்டு துண்டுகளையும் துப்பட்டாவில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "நேரமாவுது, கெளம்பலாங்க" என்றார்.

புரட்டாசி கடைசி. ரெகுலேட்டர் மதகை அடைத்திருந்தபடியால் ஆற்றில் நீர் நிதானமாக நிறைந்து நின்றது. கரையை ஒட்டிய வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. கைப்பேசிகள் இரண்டையும் புதிதாக வாங்கிய நீர் புகாத பையில் போட்டு, உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, முன்னால் வானதியும் பின்னால் சூர்யபிரகாஷும் ஏறி அமர்ந்தார்கள். கமலவல்லி படித்துறையில் நின்று கும்பிட்டார்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் வானதிக்கு ஒன்று உறைத்தது. இருவர் படகு என்றால் எதிரெதிரே அமர்வதில்லை. முன்னவர் முதுகைப் பின்னவர் பார்த்து அமர்வது. இவ்வளவு ஆராய்ந்தும் இதை நினைக்கவில்லையே! இந்தத் திருட்டுத்தனத்துக்கு இதுவா பலன் என்று தம்மையே நொந்துகொண்டார்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "வானதி, கேக்குதா?"

எட்டு மணிக் குரல். அச்சு அசலாக அதே குரல்.

"கேக்குதுங்க" என்றார் அவர், காதில் கைப்பேசி இருப்பதைப் போலத் தலையைச் சாய்த்து.

"நல்லா இருக்குல்ல?"

அதற்குள் படகு தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. வலப்புறம் துடுப்புப் போட்டால் இடப்புறம் முழுச்சுற்று. திருத்தப் போனால் வலப்புறம் முழுச்சுற்று. கரை, தென்னை, கமலவல்லி, நடவுப் பெண்கள், மறுபடி கரை, தென்னை, கமலவல்லி என்று உலகம் ராட்டினமாகச் சுழன்றது.

வயலில் நடவுப் பெண்கள் நிமிர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கும் பூவம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அடியே பாருங்கடி! முள்ளியாத்துல தெப்பம் சுத்துது!"

"ஏங்க குவைத்து அண்ணே, எத்தன சுத்து வேண்டுதல்?"

"அண்ணிய எறக்கிவிட்டுட்டுச் சுத்துங்கண்ணே, மயக்கம் வந்துடப்போவுது!"

வானதிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கக் கண்ணில் நீர் வந்தது. அந்தக் கிறுகிறுப்பில், பத்து ஆண்டுகள் யோசித்தாலும் வராத துணிச்சல் வந்துவிட்டது.

"ஏங்க, தகடு ஒடஞ்சுபோச்சுங்க. எங்கிட்டதான் இருக்கு. வேணும்னேதான் சொல்லல."

"என்னது?"

"ஒத்தையாள் படகு ஸ்டாக் இருந்துச்சுங்க. நான்தான் எடுத்துட்டு இத போட்டேன்."

படகு இன்னும் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி முடித்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.

"நான் எதுக்கு ரெண்டு போட்டேன் தெரியுமா? போன்ல அவ்வளவு பேசுறவ, நான் எதுக்க வந்து உக்காந்தா வாயத் தெறக்க மாட்டேங்குற. ஒரே படகுன்னா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

"நானா? நீங்கதாங்க தட்டையே பாக்குறீங்க!"

"நீ தட்டப் பாத்தா நானும் தட்டத்தான் பாக்கணும்!"

அதற்குள் பூவம்மாள் வரிசை நடவுக்குக் கட்டும் கயிற்றைச் சுருட்டி வீசிவிட்டார். "புடிங்கண்ணே! வடம் புடிச்சு இழுத்துடுறோம்!" சூர்யபிரகாஷ் துடுப்பை விட்டுவிட்டு ஒரு கையால் கயிற்றைப் பிடித்தார். துடுப்பு தன் போக்கில் போயிற்று. அதே நொடியில் நீர் புகாத பை அலறியது. இருபதடி தூரத்தில் படித்துறையில் நின்றபடி, கமலவல்லி கைப்பேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துக்கே உரிய வழக்கம் அது.

பழக்கதோஷம், சூர்யபிரகாஷ் மறு கையை நீட்டிப் பையை எட்டினார். வயலில் எட்டுப் பெண்கள் ஒரே மூச்சாக "ஆரூரா! தியாகேசா!" என்று கயிற்றை இழுத்தார்கள்.

பச்சைப் படகு அண்ணாந்து கவிழ்ந்தது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். இருவரும் ஒருசேர எழுந்து நின்றார்கள். வெங்காயத்தாமரை ஒன்று ஊதாப் பூவோடு சூர்யபிரகாஷின் தலையில் கிரீடமாக அமர்ந்திருந்தது. இரண்டு முழ தூரத்தில், நேருக்கு நேர், வானதி. நீர் புகாத பை ஒலித்தபடியே தாமரைக் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்பு நீர் புகுந்து, ஒலி அடங்கியது. "எடுக்க மாட்டேங்குறாங்களே!" என்று கரையில் கமலவல்லி அலுத்துக்கொண்டார்.

சூர்யபிரகாஷ் மனைவியைப் பார்த்தார். பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. வானதியும் நிறுத்தவில்லை. நடவுப் பெண்கள் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அன்று இரவு எட்டு மணிக்கு மாடிப்படியில் காலடி ஓசை கேட்டது. சூர்யபிரகாஷ் அடுக்களைத் தரையில் வந்து அமர்ந்து, சின்ன வெங்காயத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சாப்டியா?" என்றார்.

"நீங்க உரிச்சுக் குடுத்தாத்தானே கொழம்பே வைக்கணும்" என்றார் வானதி, அவர் முகத்தைப் பார்த்து.

அன்றைய நாளில் இழந்தவை வருமாறு: படகின் கறுப்புத் தகடு ஒன்று. துடுப்பு ஒன்று. கைப்பேசி இரண்டு, பையுடன். சூர்யபிரகாஷின் இடக்கால் செருப்பு. பூவம்மாள் குழுவின் நடவு நேரத்தில் ஏறக்குறைய அரை மணி. எலுமிச்சம்பழம் இரண்டு.