ஜப்பான் பிரஸ்ஸில் அமெரிக்க மீட்டர்

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

எண்பத்து மூன்றில் நடந்தது. கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் தியாகராஜனுக்கு ஒரு ரப்பர் பட்டறை இருந்தது. லோரி இஞ்சினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டைகளை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி எடுப்போம். நான் ஸ்டோர் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வேலாயுதம் பிரஸ் ஓட்டினார். பிரஷர் மீட்டர் சரியாக அவர் முகத்துக்கு நேரே இருக்கும். முள் மூவாயிரம் பவுண்டைத் தொடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் கழுவித் துடைத்தோம். தியாகராஜனுக்கு அது போதவில்லை. பித்தளையெல்லாம் தங்கமாக மின்ன வேண்டுமாம். மீட்டரைக் கழற்றிப் பாலிஷ் போடச் சொன்னார். போட்ட ஆள் கை நழுவிக் கீழே விட்டான். கண்ணாடி உடைந்து முள் வளைந்துவிட்டது. பூஜையன்று மிஷின் மூளியாக நிற்கலாமா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டோரிலிருந்த அமெரிக்க மீட்டரை எடுத்துத் தியாகராஜனே மாட்டிவிட்டார். பொட்டும் மாலையும் போட்டுப் பூஜையும் முடிந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் மாலையை விலக்கிப் பார்த்தபோதுதான் அது அமெரிக்க மீட்டர் என்று எனக்குத் தெரிந்தது. பிரஸ் ஜப்பான்காரன் செய்தது, மீட்டரைத் திருகி மாட்டுகிற மரையும் ஜப்பான் மரை. அமெரிக்க மரை அதில் இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகினால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. பல்லுக்குப் பல் இடைவெளி வேறு, கோணம் வேறு. நுனியில் ஏதோ கொஞ்சம் கவ்விக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் என்றால் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சமாளிக்கலாம். மூவாயிரம் பவுண்டு எண்ணெய் டேப்புக்கு அடங்குமா? மீட்டர் தோட்டாவாகப் பறக்கும். அந்த மனுஷன் புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்.

தெரியாமல் செய்திருந்தால் பொறுத்துக்கொள்வேன். இரண்டு மரையையும் தனித்தனிப் பெட்டியில் வை, கலந்தால் ஆள் செத்துவிடுவான் என்று எனக்கு உத்தரவு போட்டதே அவர்தான்.

நேரே அவரிடம் போனேன்.

"பாஸ், அடாப்டர் இல்லாம ஓட்டாதீங்க. ஒரு பக்கம் ஜப்பான் மரை, மறுபக்கம் அமெரிக்க மரை, ஹை பிரஷர் ஸ்டீல்ல வேணும். நம்மகிட்ட ஸ்டாக் இல்ல. பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போன் பண்ணிட்டேன், மத்தியானம் வந்துடும் லா."

"மத்தியானமா? நல்ல நேரம் பத்தரைக்கு முடிஞ்சிடும், தனபாக்கியம். ஒரே ஒரு பீஸ்தானே. சாமி கும்பிட்ட மிஷின், ஒண்ணும் ஆகாது. வேலாயுதம், வா! உன் கைராசிதான் வருஷம் பூரா நம்மள ஓட்டுது."

விஜயதசமியன்று முதல் பீஸை என் வீட்டுக்காரர் கையால் அழுத்துவது பட்டறை வழக்கம். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாஸ் மேல் இருந்த கோபத்தில் பாதி அவர் மேல் பாய்ந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? அது பிச்சுக்கிட்டு வந்தா மூஞ்சி இருக்காது!"

"சும்மா இரு புள்ள. பாஸ் பார்க்காமலா மாட்டியிருப்பாரு?"

இந்த நம்பிக்கைதான் என்னை வெறியாக்கியது. பிரஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"இந்த வருஷம் பாஸ் கையால ஆரம்பிக்கட்டும். மாட்டுனவங்களே ஓட்டட்டும்."

கற்பூரத் தட்டோடு நின்ற பாஸின் மனைவி அலமேலுவுக்கு விஷயம் தெரியாது. "நல்ல யோசனைதான். முதலாளி கையே முதல் கையா இருக்கட்டும். போங்க" என்று சிரித்தார்.

பட்டறை ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியாகராஜனால் மறுக்க முடியவில்லை. மோட்டார் உறுமியது. வேலாயுதம் நிற்கிற இடத்தில் அவர் நிற்கவில்லை. பிரஸ்ஸின் இரும்புத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி லீவரைத் தொட்டார். அங்கிருந்து மீட்டர் தெரியவே தெரியாது.

"ஏன் அங்க போய் ஒளியிறீங்க?" என்றார் அலமேலு.

லீவர் இறங்குவதற்குள் வேலாயுதம் சிவப்பு சுவிட்சை ஓங்கி அடித்தார். மோட்டார் நின்றது. அவர் முகம் இருண்டிருந்தது.

"எங்க நின்னா தப்பிக்கலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாஸ். என்னை எங்க நிக்கக் கூப்பிட்டீங்க?"

அலமேலு புருஷனையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

மத்தியானம் அடாப்டர் வந்ததாம். அதைப் பொருத்த என் வீட்டுக்காரர் அங்கே இல்லை. நானும் இல்லை.