ஆறு மாத வீடு

காலை ஒன்பது நாற்பதுக்குப் பேருந்திலிருந்து இறங்கினார்கள். அந்த நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்கவில்லை.

ஹெலனுக்கு ஐந்தாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்த முறை மாடிப்படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேலம் அரிசிப்பாளையத்தில் அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் வீடு தேடினார்கள். கேட்ட வாடகை அவள் கணவன் ஜெபஸ்டின் சம்பளத்தில் பாதி.

ஜெபஸ்டின் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இந்த ஊரிலிருந்து பட்டறைக்கு இருபது நிமிடம். வீட்டைப் பற்றிச் சொன்னவர் சின்னண்ணன். பட்டறைக்கு லாரி கொண்டுவந்தவர். பன்னிரண்டு ஏக்கர், நான்கு லாரி.

மண் பாதையில் நடந்தார்கள். இரண்டு பக்கமும் மரவள்ளி.

"ரெண்டாயிரம்னுதான் சொன்னாரா?"

"ரெண்டாயிரம்தான். ரெண்டு பெட்ரூம். டைல்ஸ்."

"எதுக்கு அவ்வளவு கம்மி?"

"கிராமம்ல."

"கிராமத்துல சும்மா குடுப்பாங்களா?"

"உனக்கு ஜாஸ்தி சொன்னாலும் கோவம், கம்மி சொன்னாலும் சந்தேகம்." ஜெபஸ்டின் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "பேரு கேட்டாரு. சொன்னேன். வேதக்காரங்களான்னாரு. ஆமான்னேன். ஊட்டுக்காரம்மாவுமான்னாரு. ரெண்டு பக்கமும் மூணு தலைமுறையா அப்படித்தான்னேன். அப்புறந்தான் வீடு இருக்குன்னே சொன்னாரு."

"அதைக் கேட்டுட்டு வீடு இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"நல்ல மனுஷன். விடேன்."

வீடு தோட்டத்துக்குள் தனியாக இருந்தது. புதிய வீடு. நூறடி தள்ளிப் பெரிய வீடு, அதில்தான் சின்னண்ணன் குடும்பம். அவர் வாசலில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, மழிக்காத முகம்.

"வாங்க வாங்க. பஸ்ஸு கூட்டமுங்களா?"

"இல்லீங்க."

"அம்மிணிக்கு எத்தனாவது மாசம்?"

"அஞ்சுங்க," என்றான் ஜெபஸ்டின்.

சின்னண்ணன் ஹெலனின் வயிற்றைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். சாவியை ஜெபஸ்டினிடம் நீட்டினார்.

"நீங்களே தொறந்து பாருங்க. நான் இங்கயே நிக்கறேன். காலெல்லாம் சேறு."

அவர் காலில் சேறு இல்லை. ஹெலன் அதைப் பார்த்தாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கூடத்தில் சாமான் எதுவும் இல்லை. சமையலறையில் கிரானைட் மேடை. குழாயைத் திறந்தாள். தண்ணீர் வேகமாக வந்தது. ஒரு படி கூட ஏற வேண்டியதில்லை. வாசற்படியைத் தவிர. கூடத்திலிருந்து குளியலறை வரை நடந்து பார்த்தாள். பதினான்கு எட்டு. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"கேஸ் சிலிண்டர மூணு மாடி தூக்க வேணாம்," என்றான் ஜெபஸ்டின். "என் முதுகே இந்த வீட்டுக்கு மெழுகுவத்தி ஏத்தும்."

இரண்டாவது படுக்கையறையில் கிழக்குச் சுவர் முழுதும் நீலம். அதில் ஓர் இடம் மட்டும் வெறும் சிமெண்ட். தரையிலிருந்து இடுப்புக்கு மேல் வரை. மூன்றடி அகலம். ஜெபஸ்டின் விரலால் தட்டினான்.

"புதுப் பூச்சு. ஒரு மாசம் இருக்கும். ஏசிக்கு உடைச்சிருப்பாங்க."

"தரையோட ஏசி வைப்பாங்களா?"

"அப்ப கட்டில் உள்ள நுழைஞ்சிருக்காது. செவுத்த உடைச்சுக் கொண்டுவந்திருப்பாங்க."

"கதவு இருக்குதே."

"பணக்காரங்க கட்டில். கதவுக்கெல்லாம் அடங்காது."

அவள் சிரித்தாள். அந்தச் சுவரோரம் கட்டிலைப் போடலாம் என்றான். நடுவில் தொட்டிலுக்கு இடம் இருக்கும்.

அவன் மின்சாரப் பெட்டியைப் பார்க்கப் போனான். ஹெலன் சமையலறைக் கதவைத் திறந்து பின்பக்கம் இறங்கினாள். வெயில் ஏறியிருந்தது. பேருந்தில் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. சுவரைச் சுற்றி நிழலுக்குப் போனாள். அங்கே உடைந்த செங்கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு முழுச் செங்கல்லின் மேல் பித்தளைச் சொம்பு. அதன் மேல் வாழையிலைத் துண்டு. தரையில் எண்ணெய் தீர்ந்த அகல் விளக்கு.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். தோட்டத்துக்காரர்கள் அப்படித்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இலையை எடுத்தாள். அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. மறுபடியும் குடித்தாள். மீதியில் முகம் கழுவினாள்.

திரும்பியபோது ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் இரண்டு டம்ளர் மோர். ஒரு டம்ளர் சாய்ந்து மோர் சேலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"குடிச்சுட்டயா சாமி?"

"ரொம்ப தாகம்மா."

"எல்லாத்தயுமா?"

"பாதி. மீதியில முகம் கழுவிட்டேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மெதுவாக, இரண்டு தடவை. பிறகு மோரைக் கொடுக்காமலே திரும்பி நடந்தாள். அவள் சின்னண்ணனின் மனைவி சௌந்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. வாசலில் அவள் தன் கணவரிடம் பேசுவதை ஹெலன் கூடத்திலிருந்து பார்த்தாள். சின்னண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஜெபஸ்டின் சாவியோடு வெளியே போனான்.

"ஊடு புடிச்சிருக்குதுங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க. இன்னைக்கே அட்வான்ஸ்னு சொன்னீங்க..."

"அவசரமில்லீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"போன்ல இந்த வாரமே வரணும்னீங்களே."

"சொன்னனுங்க." அவர் ஹெலனைப் பார்க்கவில்லை. "இப்ப ஒண்ணும் அவசரமில்ல. அம்மிணிய வெயில்ல நிக்க வெக்காதீங்க."

திரும்பும் வழியில் ஜெபஸ்டின் முன்னால் போனான். பதினொன்று பத்துக்கு ஒரு பேருந்து இருந்தது. அதை நிறுத்தி வைக்கிறேன், நீ மெதுவாக வா என்றான். மோட்டார் ரூமைத் தாண்டும்போது யாரோ கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை.

"அக்கா, ஒரு நிமிசம். நான் வெளிய நின்னா பாத்துருவாங்க. நீங்க வாங்க."

ஹெலன் நிழலுக்குள் போனாள்.

"ஊட்டுக்கு வர்றதா சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

"மதுமதி. அது எங்க ஊடு. எங்க ஊட்டுக்காரர் கட்டுனது. உங்களுக்கு ஊடு காட்டுனாரே, அந்தப் பெரியவருக்குத் தம்பி." நிறுத்தினாள். "போன மாசம் போய்ட்டாரு. நெஞ்சுவலி. நாப்பத்தொரு வயசு."

"ஐயோ."

"அவிட்டத்துல போய்ட்டாருங்க. அவிட்ட நட்சத்திரம். அதுல உசுரு போனா அடைப்பு. ஆறு மாசத்துக்கு ஊட்டப் பூட்டிப் போடணும். யாரும் இருக்கக் கூடாது. போனவர வாசல் வழியா எடுக்கவும் கூடாது. செவுத்த உடைச்சுத்தான் எடுத்தாங்க."

ஹெலன் நீலச் சுவரில் பார்த்த சிமெண்ட் பூச்சை நினைத்தாள்.

"உங்க கிட்ட அதெல்லாம் இல்லைன்னு தெரியும். அதனாலதான் உங்களக் கூப்புட்டாங்க."

"எதுக்கு?"

மதுமதி வெளியே எட்டிப் பார்த்தாள். "போனவரு ஆறு மாசத்துக்குள்ள இன்னொருத்தரக் கூட்டிட்டுப் போயிருவாருன்னு சொல்லுவாங்க. குடும்பத்துல ஒருத்தர. பெரியவரு மூணு ஜோசியர் கிட்டப் போனாரு. மூணாவது ஆளு சொன்னானாம், வேற மார்க்கத்துக்காரங்கள அந்த ஊட்டுல குடி வெச்சா, வர்றது அங்கயே நின்னுரும்னு. நம்ம ஊட்டுப் பக்கம் வராதுன்னு."

"அங்கயே நின்னுரும்னா?"

"புரியுதில்லங்க."

ஒரு லாரி தூரத்தில் ஹாரன் அடித்தது.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க. எனக்கும் பயந்தான்," என்றாள் மதுமதி. "ஆனா உங்க வயித்த சன்னல்ல பாத்தேன். சொல்லாம இருக்க முடியல. போயிருங்க. எங்க ஊட்டுக்காரர் குடிக்கறதுக்குன்னு தினம் சாயங்காலம் செவுத்தோரம் ஒரு சொம்பு தண்ணி வெக்கறோம், வெளக்கு வெக்கறோம். மறுநா செடிக்கு ஊத்திருவோம். அதுக்கு மேல அந்த ஊட்டுப் பக்கம் நாங்களே போறதில்ல."

"அந்தத் தண்ணிய யாராவது குடிச்சா?"

மதுமதி அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"அத எப்பிடிங்க குடிப்பாங்க?"

பேருந்தில் ஹெலன் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீரையும் சொன்னாள். ஜெபஸ்டின் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணிதான," என்றான்.

"தண்ணிதான்."

"நமக்கு இதெல்லாம் இல்ல."

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அன்று மூன்று மாடியையும் ஏறினாள். ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து எழுந்தாள். மூன்றாவது தளத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஜெபஸ்டின் பின்னால் நின்றிருந்தான். அவளைத் தூக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

அடுத்த நாட்களில் அவன் கணக்குப் பேசினான். பட்டறைக்கு இருபது நிமிடம். படி இல்லை. பிரசவத்துக்கு நாமக்கல்லில் ஆஸ்பத்திரி. பங்குத்தந்தையிடம் சொல்லி வீட்டை மந்திரித்துக்கொள்ளலாம்.

"செவுத்துல நம்ம படம் ஒண்ண மாட்டிட்டா முடிஞ்சுது. அவங்க ஜோசியன் முட்டாள். அவன் முட்டாளா இருக்கறதால நமக்கு ரெண்டாயிரத்துக்கு வீடு. இதுல யாருக்கு நஷ்டம்?"

ஹெலன் துணி மடித்தாள். காலையில் எழுந்ததும் குளியலறைக்குப் போய் விளக்கைப் போட்டு உள்ளாடையைப் பார்ப்பது அவள் வழக்கம். முதல் இரண்டு தடவைக்குப் பிறகு வந்த வழக்கம். இப்போது மதியமும் பார்த்தாள். சாயங்காலமும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் குழந்தை அசைவது தெரிந்தது. சனிக்கிழமை முழுக்கத் தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது ஒரு தடவை அசைந்தது. அவள் கையைத் தட்டில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"போக வேணாம்," என்றாள்.

"பயமா?"

"செத்தவருக்குப் பயப்படல. அவரு பாவம். அந்த வீட்டு ஆளுங்களுக்குத்தான்." தட்டை நகர்த்தினாள். "நல்லாப் பாத்துக்குவாங்க. பால் குடுப்பாங்க, முட்டை குடுப்பாங்க. தினம் காலையில நம்ம கதவு தொறக்குதான்னு எட்டிப் பாப்பாங்க. தொறந்தா அவங்களுக்கு ஏமாத்தமா இருக்கும். ஆறு மாசம். எனக்குத் தேதி தையில. அவங்க கணக்கு மாசி வரைக்கும்."

ஜெபஸ்டின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சரி. படிக்கு என்ன பண்றது?"

"ஏற மாட்டேன். இறங்க மாட்டேன். தை வரைக்கும் இங்கயே இருக்கேன். டாக்டர்கிட்டப் போறப்ப மட்டும் நீங்க நாற்காலியில தூக்கிட்டுப் போங்க."

"சிலிண்டரே தேவலாம்," என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் கோயிலுக்குப் பூசைக்குப் போய்வந்தான். மத்தியானம் சின்னண்ணனுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தான். என்ன சொல்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மன்னிக்க வேண்டும். வேறு நல்ல ஆட்களாகப் பார்த்துச் சொல்கிறோம்.

அவர் கோபப்படுவார், வாடகையைக் குறைப்பார், வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். ஜெபஸ்டின் கடைசி வாக்கியத்தை முடிக்கும் வரை சின்னண்ணன் பேசாமல் கேட்டார்.

"பரவால்லீங்க," என்றார். குரலில் பாரம் இல்லை. "வேற ஆளெல்லாம் வேண்டாமுங்க. ஊட்டப் பூட்டிட்டோம்."

"பூட்டிட்டீங்களா?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே பூட்டிட்டோம். இனி அந்த ஊட்டுக்கு யாரும் குடி வர வேண்டியதில்லைன்னுட்டாரு. ஜோசியரக் கேட்டுட்டேன்."

ஜெபஸ்டின் ஹெலனைப் பார்த்தான். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னன்னு கேட்டீங்க?" என்றான்.

அந்தப் பக்கம் போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஏதோ வளையல் உரசியது. பிறகு சௌந்திரத்தின் குரல். கனிவாக, கிட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"சாமி, ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே?"