போல்ட் டைட்டாத்தான் இருக்கு

பெடலைத் தாங்குகிற கைக்குக் கிராங்க் என்று பெயர். ஃபிரேமின் அடியில் சுழலும் ஆக்சிலில் அதை மாட்டுவார்கள். இந்த இரண்டும் சேருகிற இடம் சரியில்லை என்றால் அது சைக்கிளே இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் இதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன். எனக்கே ஒருத்தன் பாடம் எடுத்தால் கோபம் வருமா வராதா?

அந்த ஒருத்தன் என் தங்கையின் புருஷன், எங்கள் சைக்கிள் கடையில் கூட்டாளி. மயிரிழைகூட அளக்கிற வெர்னியர் கருவியை வைத்து அளக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டான். அதனால் அவனுக்கு அளவுகோல் என்று பெயர் வைத்தேன். நமக்கெல்லாம் கைதான் அளவு. தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வழக்கமான சண்டை ஆரம்பித்தது. குறுக்கே ஆணி அடித்து மாட்டுகிற பழைய காட்டர் பின் கிராங்க்தான் யோக்கியன், லூசானால் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும் என்றேன். இப்போது வருகிற குழாய் ஆக்சிலுக்கு ஈடாகாது, அதில் பேரிங் ஃபிரேமுக்கு வெளியே அகலமாக நின்று தாங்குகிறது என்றான் அவன். சதுர முனை ஆக்சிலைத்தான் நம்பவே கூடாதாம், அதில் இரண்டு ரகம் இருக்கிறதாம். சதுரத்தில் என்னடா ரகம், மூணு மூலை சதுரம் நாலு மூலை சதுரமா என்று சிரித்தேன்.

அவன் இரண்டு டப்பாவிலிருந்து ஒவ்வொரு ஆக்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் முனை மட்டும் ஒரு மயிரிழை மெலிவு. முதல் ஆக்சிலில் கிராங்க்கைச் செருகினான், ஆக்சிலின் முனை ஓட்டைக்குள்ளேயே அடங்கியிருக்க, இறுகி நின்றது. மெலிந்த ஆக்சிலில் அதே கிராங்க் இன்னும் உள்ளே போய்விட்டது. ஆக்சிலின் முனை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது.

"இப்ப போல்ட்ட இறுக்குங்க மச்சான்," என்றான்.

ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தையும் கொடுத்தேன். பாறை மாதிரி நின்றது. அளவுகோல் இரண்டு விரலால் கிராங்க்கைப் பிடித்து அசைத்தான். ஆடியது. கிராங்க்கை அழுத்த வேண்டிய போல்ட் போய் ஆக்சிலின் முனையில் உட்கார்ந்துகொண்டு அதையே இறுக்கிக்கொண்டிருந்தது. கிராங்க்கை அது தொடவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

பத்து நாளைக்கு முன்னால் தங்கையின் சைக்கிளுக்குப் புது ஆக்சில் போட்டவன் நான். மிதித்தால் டக் டக் என்று சத்தம் வருகிறது என்று மூன்று தடவை வந்து நின்றாள். மூன்று தடவையும் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். நேற்றுக் கொஞ்சம் எரிந்தே விழுந்தேன். போல்ட் டைட்டாத்தான் இருக்கு, சத்தம் வண்டியில் இல்லை, உன் மிதியில் இருக்கிறது, ஒழுங்காக மிதிக்கக் கற்றுக்கொள் என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அளவுகோல் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"அவ வண்டிக்கு எந்த டப்பாவுல எடுத்தீங்க?"

மெலிந்ததைக் காட்டினேன். மணி ஒன்று நாற்பது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு மணிக்கு அவள் டூட்டி. நடுவில் மேம்பாலம். அந்த ஏற்றத்தில் அவள் எப்போதும் எழுந்து நின்று, மொத்த எடையையும் பெடலில் போட்டுத்தான் மிதிப்பாள். லாரிகள் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போகும். அவன் போன் போட்டான். ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று அவளிடம் கண்டித்துச் சொன்னவனும் அவன்தான். அடித்து அடித்து ஓய்ந்தது.

கடை முழுக்க சைக்கிள். நான் காலால் ஓடினேன். புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

பாலத்தின் நடுவில் வண்டிகள் தேங்கி நின்றன. குறுக்கே ஒரு லாரி. அதன் முன்சக்கரத்தை ஒட்டி ஒற்றைச் செருப்பு கிடந்தது. போன மாதம் நான் வாங்கிக் கொடுத்தது.  அதை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கினேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. கூட்டம் லாரி டிரைவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவரை விடுங்க. அவரு சட்டுன்னு நிறுத்தலன்னா நான் இந்நேரம் இல்ல. வண்டி மேலயும் தப்பில்ல, எங்கண்ணன் மாட்டினது. நேத்துகூடப் பார்த்தாரு, போல்ட் டைட்டாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒழுங்கா மிதிக்கத் தெரியல."

 நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அளவுகோல் எனக்குப் பின்னால் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தான். அவன் கையில் இன்னும் வெர்னியர் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. 

சைக்கிளை நிமிர்த்தினேன். பெடலை ஒற்றை விரலால் தொட்டேன். ஆடி ஆடிச் சதுர ஓட்டை உருண்டையாகத் தேய்ந்திருந்தது; ஆக்சில் அசையாமல் நிற்க, கிராங்க் மட்டும் காற்றாடியாகச் சுற்றியது. நடுவில் போல்ட் இம்மிகூட அசையவில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டைட்டாத்தானேண்ணா இருக்கு?"

"இருக்கும்மா," என்றேன். "உன் மிதியில ஒண்ணும் இல்ல. நான் மாட்டினதுதான் தப்பு."

கூட்டம் டிரைவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது.