சைக்கிள் டியூப்

வியாழக்கிழமை ஆள் எடுப்பு. நூறு மீட்டரைப் பன்னிரண்டு புள்ளி நான்கு நொடியில் ஓடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. பேபிக்கு அடுத்த ஆண்டு வயது தாண்டிவிடும்.

தொடையைக் கட்டி ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சி செய்தால், பாரம் தூக்காமலே பலம் ஏறும் என்று ஜப்பான்காரர் ஒருவர் சொன்னதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் தூக்குவதற்கு இரும்பு ஏது? கிளினிக்கில் நர்ஸாக இருந்த தோழி ஜமீலா, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கொண்டுவந்து தொடையில் சுற்றி, முள்ளைப் பார்த்துக் காற்றடித்தாள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுவது, உடனே அவிழ்ப்பது. ஆறு வாரத்தில் பன்னிரண்டு எட்டு, பன்னிரண்டு ஐந்தானது.

திங்களன்று டாக்டர் பட்டையைத் தேடினார். ஜமீலா திருப்பிக் கொண்டுபோனாள்.

"மூணு நாள் சும்மா கெடடி. ஏறுன பலம் எங்கியும் ஓடிப்போவாது."

பேபியால் சும்மா கிடக்க முடியவில்லை. செவ்வாய் காலை பழைய சைக்கிள் டியூபை வெட்டி இரு தொடையிலும் கட்டினாள். முள் இல்லை. கால் விம்மும்வரை இழுத்து, பாவாடையை இறக்கிவிட்டாள். எட்டாவது தடவை எழும்போது தண்ணீர் லாரி வந்தது. நான்கு நாளாக வராத லாரி.

அம்மா முனியம்மா குடங்களைக் கையில் திணித்தாள். ஒரு நிமிடம் பொறு என்றாள் பேபி.

"லாரி இன்னா உனுக்காவ நிக்குமா? ஓட்டக்காரிதானே, ஓடு."

ஓடினாள். நடுத்தெருவில் பாவாடையைத் தூக்க முடியாது. வரிசையில் இடத்தை விட்டால் வீட்டில் தண்ணீர் இல்லை. கால் முதலில் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு ஒன்றுமில்லை. அதுவே தேவலை என்றிருந்தது. பின்னால் நின்ற பொன்னியம்மா, "இன்னாமே, மெடலு குத்தப்போற மாரி வெறச்சிகினு நிக்கறே?" என்றாள். வரிசையே சிரித்தது. பேபியும் சிரித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து டியூபை அவிழ்த்தாள். தோலில் பள்ளம். இரு காலிலும் மெல்லச் சிவப்பு ஏறியது. ஆனால் வலது பாதம் மேலே எழவில்லை. கையால் தூக்கி விட்டாள். தொங்கியது.

மாலையில் ஜமீலா வந்து ஊசியால் பெருவிரலைக் குத்தினாள். பேபி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்தேண்டி," என்றாள்.

நரம்பு நசுங்கியிருக்கிறது, மாதக் கணக்கில் தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

வியாழக்கிழமை விடியலில், ஸ்பைக் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஆவடி ஸ்டேஷனுக்குப் போனாள். பிளாட்பாரத்தில் ஏறியபின் குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. தூரத்தில், அவள் வந்த வழியில் கிடந்தது.

ரயில் வந்தது. செருப்பை எடுக்கத் திரும்பி நடந்தாள்.