ஒன்றுக்குப் பிறகு பத்து

பேருந்து நிலைய அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பெண் மேலாளர் மாலைக்குள் சொல்லவேண்டும். காலையில் வீட்டில், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே புதுசின் அம்மா கேட்டிருந்தாள்: "இன்னிக்காவது ஒரு முடிவு சொல்லுவாங்களாடி?"

எல்லாப் பணிமனைகளின் நேர அட்டவணைகளையும் ஒரே கோப்பில் கொட்டியிருந்தார்கள். பேருந்து எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஒரே வரி இரண்டு மூன்று இடத்தில் வந்தது. அதைச் சீராக்கி ஏற்றினால்தான் மதியம் வாசலில் நேரம் காட்டும் புது மின்பலகை எரியும். வேர்த்துக் கொட்டினாலும் கோட்டைக் கழற்றாததால் 'கோட்டு' என்று பெயர் வாங்கிய மூத்த அலுவலர், காலையிலிருந்து வரி வரியாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் எடிட்டருக்குள்ளயே அடுக்கிடறேன்," என்றாள் புதுசு, மேலாளரிடம்.

"அந்தக் கறுப்புத் திரையிலயா? காலேஜ்ல படம் காட்டக் கத்துக் குடுத்திருக்காங்க," என்றார் கோட்டு.

"பண்ணட்டும் சார்," என்றாள் மேலாளர்.

கட்டளை அடித்தே கோப்பைத் திருத்தும் அந்தக் கறுப்புத் திரையில் கோப்பைத் திறந்து, புதுசு ஆத்திரத்தில் மளமளவென்று அடித்தாள்.

:%!sort

முழுக் கோப்பும் எடிட்டருக்கு வெளியே உள்ள அடுக்கும் கட்டளைக்குள் போய், அடுக்கப்பட்டு, அதே இடத்துக்குத் திரும்பியது. ஒன்று, பத்து, நூறு, பதினொன்று, அப்புறம்தான் இரண்டு.

கோட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க வீட்ல ஒண்ணுக்கப்புறம் பத்தாம்மா? முதல் பட்டதாரின்னா சும்மாவா."

உச்சந்தலை வரை சூடேறியது. தப்பு அவளுடையது. அதற்கு வீட்டை ஏன் இழுக்கவேண்டும்? u விசையைத் தட்டினாள். பழைய குப்பை அப்படியே வந்து நின்றது.

"எதுவும் தொலையல சார். எண்ணை எழுத்தா படிச்சிருக்கு. எண்ணுன்னு நான் சொல்லல, அவ்ளோதான்."

:%!sort -n | uniq

'எண்ணாகப் படி' என்று சொல்லும் n சேர்ந்ததால், முதல் கட்டளை எண் வரிசையில் அடுக்கியது. நடுவில் நின்ற கோடு அதைக் குழாய் மாதிரி அடுத்ததிடம் தள்ளியது. அது இரட்டை வரிகளைக் கழித்துக் கட்டியது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேலாளர் திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே கீழே போனாள். விரல் எங்கும் தடுக்கவில்லை.

"பாதி பஸ்ஸக் காணோமே," என்றார் கோட்டு.

"ரெண்டாவது தடவ வந்ததுதான் சார் போச்சு. காலையிலேருந்து நீங்க ஒட்டினதுல பாதி அதுதான்."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதுசின் நிரந்தரப் பணி ஆணையை இழுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டாள். "தண்ணி கேன் பக்கத்துல உக்காந்தது போதும். ஜன்னல் மேசைக்கு வந்துரும்மா."

வெளியே பலகை எரிந்தது. அம்மாவிடம் போனில், "வச்சுக்கிட்டாங்க," என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் தையல் மிஷின் நின்றது.

கோட்டு தயங்கித் தயங்கி வந்தார். "அந்த வரிய ஒரு சீட்டுல எழுதிக் குடேன்."

"எழுதித் தர மாட்டேன் சார். கோட்டக் கழட்டிட்டு உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க." அவர் உட்கார்ந்தார். "அந்த n-ஐ விட்டுடாதீங்க. அப்புறம் உங்க வீட்லயும் ஒண்ணுக்கப்புறம் பத்துதான்."