கருங்கல்லுக்கு ஒரு தலை

“முன் வரிசையில உக்காரக் கூடாதுன்னா கூடாது—”

“நான் ஒரு வார்த்தை பேசினேனா? கையைக் கட்டிக்கிட்டு—”

“கையைக் கட்டினீங்க, மூஞ்சியைக் கட்டினீங்களா? போன கச்சேரியில நீங்க சுளிச்ச சுளிப்புல, நான் பாதியில நிறுத்திட்டு எழுந்து ஓடினேன்.”

“ஒரு கம்பி இறங்கிப் போச்சும்மா. சோத்துல கல்லு கடிபட்டா முகம் கோணாதா?”

“உங்களைத் தவிர வேற யாருக்குக் கடிபட்டுது?”

அருங்காட்சியகத்தின் சிற்பக் கூடத்தில், பியானோவுக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் கணவர். அவள் வாசிப்பவள். அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். காலையில் வந்து இந்தப் பியானோவின் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்தவரும் அவரே.

வந்தவர்கள் பாயில் படுத்துக் கண்ணை மூடிக் கேட்கும் கச்சேரி அது. தியானம் மாதிரி, நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும். “நடுவுல எழுந்து போகாம முடிச்சீங்கன்னா மாசாமாசம் நீங்கதான், இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்” என்று காப்பாட்சியர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

“சரி தாயே, நான் வீட்டுக்கே போயிடறேன்.”

“மாவு மில்லுலேருந்து வந்த மாதிரி இவ்வளவு பவுடர் பூசிக்கிட்டு வந்த மனுஷனை எப்படி அனுப்பறது? அதோ, கடைசியில நிக்குதே சிலை, அது பின்னாடி நில்லுங்க. என் கண்ணுல மட்டும் படாதீங்க.”

ஆளுயரக் கருங்கல் சிலை. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. காலடியில் ‘தொடாதீர்கள்’ என்று பலகை. அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் மறைந்தார்.

விளக்குகளை மங்கலாக்கினார்கள். அவள் வாசிக்கத் தொடங்கினாள். பாய்களில் மூச்சு மெல்ல இறங்கியது. பாதிப் பாட்டு தாண்டியதும், கூட்டத்தின் வெக்கையோ என்னவோ, நடுவில் ஒரு கம்பி லேசாகத் தளர்ந்தது. அவளுக்கே கேட்டது. பழக்கதோஷம், கண் தானாக நிமிர்ந்தது.

சிலைக்குத் தலை முளைத்திருந்தது.

எட்டிக் கேட்கிற மும்முரத்தில் மனுஷன் கல் கழுத்தின்மேல் தாடையை வைத்திருக்கிறார். கீழே வீராதி வீரனின் மார்பு. மேலே வெள்ளை வெளேரென்று, வேப்பங்காயைக் கடித்த முகம்.

அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. விரலை எடுத்தால் எல்லாம் போச்சு. உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே ஒரு சிரிப்பை விழுங்க வேண்டியிருந்ததால் வாசிப்பு இன்னும் நிதானமாயிற்று. இறங்கிய கம்பி வந்தபோதெல்லாம் தலையும் கோணியது; அவளும் விழுங்கினாள், விடவில்லை. கடைசிச் சுரம் அடங்கியும் பாயிலிருந்து ஒருவரும் எழவில்லை.

காப்பாட்சியர் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

“கண்ணைத் திறந்து பாக்கறேன், நீங்க அழுதுக்கிட்டே வாசிக்கறீங்க! எனக்கும் தாங்கலைம்மா. சொன்ன மாதிரியே, இனிமே மாசாமாசம் நீங்கதான்.”

“எல்லாம் இவரு புண்ணியம்” என்றாள் அவள், பூனைபோல வந்து நின்ற கணவரைக் காட்டி.

“நான் சும்மா நின்னேன்” என்றார் அவர், தாடையைத் துடைத்துக்கொண்டே.

காப்பாட்சியர் அம்மா விளக்குகளைப் போட்டுக்கொண்டே கூடத்தின் கடைசிவரை போனார். சிலையருகே நின்றார். குனிந்தார். மோந்தும் பார்த்தார்.

“ஏங்க, இந்தக் கருங்கல்லு எப்பலேருந்து பவுடர் போட ஆரம்பிச்சுது?”